அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரு சாக்கு நெல்லும்

கன்னிப்பூ நெல், அதாவது எங்கள் பக்கத்து முதல் போக நெல், வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அக்கா மகளுக்குக் காலாண்டு விடுமுறை தொடங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். குமரி மாவட்டத்துத் திருப்பதிசாரம் பக்கம் எங்களுக்கு இருக்கும் சிறிய வயலில் இந்த முறை அம்பை 16 ரக நெல் போட்டிருந்தோம். சாக்குகளை நான் திண்ணையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா அவளுக்குக் கேரளத்து அம்பலப்புழைக் கண்ணன் கோயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்தவை. ஆகவே ஆச்சிமார் சொல்லும் கதைகளில் பாதி அந்தப் பக்கத்துக் கோயில்களைச் சுற்றியே வரும். சதுரங்கப் பித்துப் பிடித்த அரசனிடம் கண்ணன் கிழவர் வேடத்தில் வருகிறான். ஆட்டத்தில் வென்றால் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துத் தரவேண்டும் என்கிறான். அரசன் தோற்றுப்போகிறான், களஞ்சியம் காலியாகிறது. அந்தக் கடன்தான் இன்றும் பால்பாயசமாக அடைபட்டு வருகிறது என்பது கதை.

"மொத்தம் எத்தனை மணி ஆச்சி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எண்ணி முடியாது மக்களே."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். எண்ணி முடியாது என்றால் எழுதி முடியும். கைப்பேசியில் போட்டுப் பார்த்தோம். 1.8446744 என்று காட்டி, பக்கத்தில் பத்தின் அடுக்கு 19 என்று நின்றுவிட்டது. கணினியின் விரிதாளில் போட்டோம். 18446744073709600000 என்று வந்தது. கடைசி ஐந்து இலக்கமும் சுழி. ஒன்றிலிருந்து இரட்டித்துக்கொண்டே வந்து கூட்டினால் வரும் தொகை ஒற்றைப்படையாகத்தான் இருக்கவேண்டும். முதல் கட்டத்து ஒற்றை மணியைத் தவிர மற்றவை எல்லாம் இரட்டைப்படை. அப்படியிருக்கச் சுழியில் எப்படி முடியும்? விரிதாள் பதினைந்து இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், மீதியைச் சுழியால் நிரப்பிவிடும். அவளுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. "நாமே போடுவோம் மாமா" என்றாள். இது அந்த ஒன்பது நாள் வேலையின் பதிவு.

முதல் நாள் முற்றத்தில் சுண்ணக்கட்டியால் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டோம், ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். முதல் வரிசை எட்டுக் கட்டத்துக்கும் கையாலேயே எண்ணி வைத்தாள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. அதற்கு மேல் எண்ணுவது வீண் என்பதால் ஆயிரம் மணியை மூன்று முறை எண்ணித் தராசில் வைத்தோம். 24, 25, 24 கிராம் வந்தது. 24 என்று எடுத்துக்கொண்டு அதன்பிறகு எடையாலேயே அளந்தோம். 11-ஆம் கட்டத்துக்கு 1,024 மணி, ஒரு கைப்பிடிகூட இல்லை. 16-ஆம் கட்டத்துக்கு 32,768 மணி, 786 கிராம், நல்ல குவியல். 21-ஆம் கட்டத்துக்கு 25 கிலோ. அன்று பிரித்த சாக்கில் 62 கிலோ இருந்தது. 21 கட்டங்களுக்கு 50 கிலோ போக மீதி இருந்ததை 22-இல் கொட்டினால் கால் பங்குகூட நிறையவில்லை. இன்னும் 42 கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. பத்துக் கட்டம் தாண்டினால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு என்பது தெரிந்துவிட்டதால் 31-ஆம் கட்டத்துக்கு 25 டன்னுக்கு மேல், 41-ஆம் கட்டத்துக்கு 26 ஆயிரம் டன்னுக்கு மேல் என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போனாள். முழுப் பலகைக்கும் 44,000 கோடி டன்னுக்கு மேல் வரும். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் நெல் சுமார் 80 கோடி டன். ஐந்நூற்றைம்பது ஆண்டு விளைச்சல்!

ஆனால் அந்த வியப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிய எண் என்றதும் எல்லோரும் அதன் பருமனைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். எண்ணுக்கு உள்கட்டு இருக்கிறது. அதைப் பார்க்க அத்தனை இலக்கமும் கையில் வேண்டும்.

தொகையைக் கூட்டிப் போடத் தேவையில்லை என்பதை நெல்லே காட்டியது. முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணியைக் கூடுதலாக வைக்கச் சொன்னேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு, அதைத் தள்ளி இரண்டாம் கட்டத்தோடு சேர்த்தால் நான்கு, அதைத் தள்ளினால் எட்டு. கூடுதல் மணி ஒன்று இருந்தால் பலகை முழுவதும் சரிந்து 65-ஆம் கட்டத்தில் ஒரே குவியலாகிவிடும். ஆகவே 65-ஆம் கட்டத்து எண்ணில் ஒன்றைக் குறைத்தால் மொத்தம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு சிறு கட்டத்துக்கு ஓர் இலக்கம், பக்கத்துக்கு இருபது வரி என்று இரட்டிக்கத் தொடங்கினாள். சரிபார்க்க நான் ஒன்பதின் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால், இரட்டிப்பு வரிசையில் அது 1, 2, 4, 8, 7, 5 என்று ஆறு ஆறாகச் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும். மண்டியில் பேரேடு கூட்டிய காலத்திலிருந்து நான் நம்பும் வழி இது.

இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, 40-ஆம் கட்டம். 549755803888 என்று எழுதியிருந்தாள். கூட்டினால் 70, அதாவது 7. அந்த இடத்தில் 8 வந்திருக்கவேண்டும். மேல் வரி 274877906944. கூட்டினால் 67, பிறகு 13, பிறகு 4. அது சரி. அப்படியானால் தவறு கடைசி வரியில்தான். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தோம். நான்குக்கு எட்டு, நான்குக்கு எட்டு, ஒன்பதுக்குப் பதினெட்டு, எட்டை எழுதிக் கையில் ஒன்று. ஆறுக்குப் பன்னிரண்டு, கையிலிருந்த ஒன்றோடு பதின்மூன்று, மூன்றை எழுதிக் கையில் ஒன்று. அடுத்து இருந்தது சுழி. சுழியை இரட்டித்தால் சுழி என்று எழுதிவிட்டாள். கையில் இருந்த ஒன்று அங்கே தொலைந்துவிட்டது. திருத்தினால் 549755813888. சுழி வரும் இடத்தில்தான் கை ஏமாறும். அன்றுமுதல் சுழிக்கு மேல் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டாள்.

அதைவிட மோசமான தவறு பிறகு நடந்தது. 65-ஆம் கட்டம் வரை போட்டு முடித்து, ஒன்பதின் வழியில் எல்லா வரியும் சரி என்று மகிழ்ந்தோம். அவளுக்கு 18446744073703791616 வந்திருந்தது. நான் வேறு வழியில் சரிபார்க்க உட்கார்ந்தேன். முதல் கட்டத்திலிருந்து 33-ஆம் கட்டத்துக்கு 32 இரட்டிப்பு, அங்கிருந்து 65-க்கும் 32 இரட்டிப்பு. ஆகவே 33-ஆம் கட்டத்து 4294967296-ஐ அதனாலேயே பெருக்கினால் 65-ஆம் கட்டம் வரவேண்டும். 42949, 67296 என்று இரண்டாக வெட்டிக்கொண்டேன். முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. முதலாவதைப் பத்து இடம், அடுத்ததை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளிக் கூட்டினேன்: 18446744073709551616.

அவளுடையதும் என்னுடையதும் நடுவில் பிரிந்தன. 7370 வரை ஒன்று, கடைசியில் 1616-உம் ஒன்று. இடையில் அவளுக்கு 379, எனக்கு 955. ஆனால் இரண்டுக்கும் ஒன்பதின் விடை ஏழுதான்.

ஒன்பது எதைக் காணாது? இலக்கம் இடம் மாறினால் காணாது. கூட்டல் தொகை மாறாதல்லவா. அதற்குப் பதினொன்றின் வழி வேண்டும். வலமிருந்து முதல் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறிமாறிப் போய், வந்ததைப் பதினொன்றால் வகுத்த மீதியாக்கினால், இரட்டிப்பு வரிசையில் அது 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6 என்று பத்துப் பத்தாகச் சுழலும். ஒவ்வொரு வரியாகப் போட்டோம். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியான 60-ஆம் கட்டம் 576460752303423488. கூட்டிக் கழித்தால் –5, பதினொன்றைச் சேர்த்தால் 6. சரி. நான்காம் பக்கத்தின் தலையில் அதே வரியைப் படியெடுத்து வைத்திருந்தாள். அங்கே –1, அதாவது 10. தவறு இரட்டிப்பில் இல்லை, பக்கத்தைப் புரட்டியதில் இருந்தது. 423 என்றிருந்தது 243 ஆகியிருந்தது. அந்த 1,80,000 குறைவு ஐந்து இரட்டிப்பில் 57,60,000 ஆக வளர்ந்திருந்தது. மண்டிக் கணக்கிலும் இப்படித்தான். பெருக்கலில் தவறுகிறவர்களைவிடப் பக்கம் மாற்றி எழுதும்போது தவறுகிறவர்களே அதிகம்.

திருத்தி, ஒன்றைக் குறைத்து, அவள் உரக்க வாசித்தாள்: 18446744073709551615. ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. அம்மா அடுக்களையிலிருந்து வந்து இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

இனி உள்கட்டு. இந்த எண் எந்தெந்தப் பகா எண்களால் ஆனது? இருபது இலக்க எண்ணை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்துக்கொண்டே போனால் எங்கே முடியும் என்று தெரியாது. ஆனால் முற்றத்தில் பலகை இன்னும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்தபடிதான் வழி பிறந்தது. இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டமும் அதற்கு நேர் மேலே இருக்கும் கட்டத்தின் 256 மடங்கு. ஆக இரண்டாம் வரிசை மொத்தமும் முதல் வரிசையின் 256 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 257 மடங்கு. முதல் வரிசை 255, எனவே இரண்டு வரிசைக்கு 255 × 257 = 65,535. அடுத்த இரண்டு வரிசைகள் இந்த இரண்டின் 65,536 மடங்கு. நான்கும் சேர்ந்தால் 65,537 மடங்கு. பலகையின் கீழ்ப்பாதி மேல்பாதியின் 4294967296 மடங்கு, ஆக முழுப் பலகை மேல்பாதியின் 4294967297 மடங்கு. முதல் வரிசையையும் இப்படியே பாதி பாதியாக மடித்தால் 3, 5, 17. துணியை மடிப்பதுபோல் ஆறு மடிப்பு:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் எண் ஆறாகப் பிரிந்துவிட்டது. இந்த ஆறையும் ஃபெர்மா எண்கள் என்பார்கள். இரண்டை அதனாலேயே பெருக்கி, வந்ததை மறுபடி அதனாலேயே பெருக்கி 2, 4, 16, 256 என்று போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. இப்படி வருபவை எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் த ஃபெர்மா நம்பினார். 3, 5, 17 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 257-ஐ 13 வரை வகுத்துப் பார்த்தாலே போதும். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது.

யோசனை கிடைத்த இடம் நாங்கள் ஓரத்தில் எழுதிவந்த மீதிகள். பதினொன்றுக்கு மீதிகள் பத்துப் படியில் சுழன்றன, பதினொன்றில் ஒன்று குறைவு. இரண்டைத் தவிரப் பகா எண் எதுவானாலும் இரட்டிப்பின் சுழற்சி அந்த எண்ணில் ஒன்று குறைத்ததற்குள் மிச்சமில்லாமல் அடங்கும். இதைச் சொன்னவரும் ஃபெர்மாதான். 17-க்குப் போட்டுப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, பிறகு மறுபடி 1. எட்டே படி, பலகையில் சரியாக ஒரு வரிசை! ஒரு பகா எண் 4294967297-ஐ வகுக்குமானால் 33-ஆம் கட்டத்தில் மீதி அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவாக நிற்கும், 65-ஆம் கட்டத்தில்தான் மீதி 1 திரும்பும். அதாவது அதன் சுழற்சி சரியாக 64 கட்டம், முழுப் பலகை. ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் 64-ஆல் வகுபடவேண்டும். 65,537-க்கு இதே கணக்கில் 32.

இதன்பிறகு வேலை சுருங்கிவிட்டது. 65,537-இன் வர்க்கமூலம் 256-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 32-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்கும் பகா எண்கள் 97-உம் 193-உம் மட்டுமே. மீதிகள் 62, 110. ஆக 65,537 பகா எண்.

4294967297-க்கு 64-இன் மடங்கோடு ஒன்று: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்களை மட்டும் எடுத்து அவள் வகுத்துக்கொண்டே போனாள். 193-க்கு மீதி 109. 257-க்கு 2. 449-க்கு 325. 577-க்கு 288. ஒவ்வொன்றும் அரைப்பக்க வகுத்தல். ஐந்தாவது 641. விடை எனக்குத் தெரியும், லெயோனார்டு ஆய்லர் 1732-இல் கண்டது அது. அவளிடம் நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489. ஏழு முறை 4487, மீதி 2. ஆறை இறக்கினால் 26, போகாது, சுழி. ஏழை இறக்கினால் 267, போகாது, இன்னொரு சுழி. இரண்டை இறக்கினால் 2672, நான்கு முறை, மீதி 108. ஒன்பதை இறக்கினால் 1089, ஒரு முறை, மீதி 448. "முதலில் வந்த அதே 448 மாமா" என்றாள். இறக்க இருந்த கடைசி இலக்கம் ஏழு. முன்பு ஒன்பதை இறக்கி 4489 ஆனபோது மிஞ்சியது இரண்டு. இப்போது 4487. பென்சில் அப்படியே நின்றது. மேலே எழுதியிருந்த 4487-ஐப் பார்த்தாள், கீழே எழுதியதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஆச்சியைக் கூப்பிட ஓடினாள்.

ஈவு 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டின் பக்கத்தில் அன்று மறுபடி ஒரு முறை உடைந்தது. இந்த நாள்வரை 65,537-க்கு மேல் ஒரு ஃபெர்மா எண்கூடப் பகா எண்ணாகக் கிடைத்ததில்லை.

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு ஒரு சின்னஞ்சிறு காரணமும் இருக்கிறது. 641 என்பது 625-உம் 16-உம், அதாவது ஐந்தின் நான்காம் அடுக்கும் இரண்டின் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. அதே 641 என்பது 5 × 128 + 1-உம்கூட. ஆகவே 641-ஐப் பொறுத்தவரை 5 × 128 என்பது –1. அதை நான்கு முறை பெருக்கினால் 1. அதற்குள் இருக்கும் 625-க்குப் பதில் –16 போடலாம். இரண்டின் 28-ஆம் அடுக்கும் 16-உம் சேர்ந்து 32-ஆம் அடுக்காகும், முன்னால் ஒரு கழித்தல் குறி. ஆக 32-ஆம் அடுக்கு –1, அதோடு ஒன்றைக் கூட்டினால் சுழி. மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் 448-ஐ இரண்டு முறை பார்த்த பிறகுதான் இந்த மூன்று வரி அவளுக்கு இனித்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் இனித்திருக்காது என்று நினைக்கிறேன்.

6700417 பகா எண்தானா? வர்க்கமூலம் 2,588 வரை போகும். 1878-இல் எதுவார் லூக்கா, இவ்வகைக் காரணிகளுக்கு 64 அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று இருக்கவேண்டும் என்று காட்டியதால் எங்களுக்கு நான்கே வகுத்தல் மிச்சம். 641-க்கு மீதி 44, 769-க்கு 120, 1153-க்கு 334, 1409-க்கு 622. பகா எண்தான்.

ஆக நெல் கணக்கின் ஏழு பகா எண்கள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், எனவே இந்த எண்ணை மீதியின்றி வகுப்பவை 128. எட்டாம் கட்டத்தில் அவள் கையால் எண்ணி வைத்த மணிகளும் 128.

எனக்கு மிகவும் பிடித்தது சுழற்சிகளின் பட்டியல். 3-க்கு இரண்டு கட்டம், 5-க்கு நான்கு, 17-க்கு ஒரு வரிசை, 257-க்கு இரண்டு வரிசை, 65537-க்கு நான்கு வரிசை, 641-க்கும் 6700417-க்கும் முழுப் பலகை. 641-ஆல் வகுத்தால் 64 கட்டங்களிலும் 64 வேறு வேறு மீதிகள். மேல்பாதியில் ஒரு கட்டத்தின் மீதியையும் கீழ்ப்பாதியில் அதே இடத்துக் கட்டத்தின் மீதியையும் கூட்டினால் எப்போதும் 641. ஐந்தாறு இடங்களில் கூட்டிப் பார்த்தோம், பிசகவில்லை. மேல்பாதி மட்டும் 4294967295. காரல் ஃபிரெடரிக் காஸ் வழிவந்த கணக்கின்படி அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையமுடியும் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். அந்தப் பாதிக்கு மட்டும் 103 டன் நெல் வேண்டும்.

ஒன்பதாம் நாள் மாலை மேகம் கூடியதால் முற்றத்து நெல்லைச் சுளவில் வாரிச் சாக்கில் கட்டினோம். தராசு 61 கிலோ 700 காட்டியது. முந்நூறு கிராம், அதாவது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மணி. கோழிகள் 14-ஆம் கட்டத்துக்கு மேலாகத் தின்றிருக்கின்றன, 15-ஆம் கட்டத்தை எட்டவில்லை என்று கணக்குச் சொன்னாள்.

ஊருக்குக் கிளம்புமுன் "இரண்டு பலகையை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால்?" என்று கேட்டாள். ஏழாவது மடிப்பு, 18446744073709551617. அதை 1880-இல் ஃபோர்ச்சுனே லாண்ட்ரி இரண்டாக உடைத்தார். சிறிய துண்டு ஆறு இலக்கம், 256-இன் மடங்கோடு ஒன்று. அவ்வளவுதான் சொன்னேன், எண்ணைச் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறைக்குள் பகா எண் பட்டியல் போட்டுவிடுவதாகச் சொல்லிப் புதிய நோட்டின் தலையில் அந்த இருபது இலக்கத்தையும் எழுதினாள். ஒன்பதுக்கு 8, பதினொன்றுக்கு 6 என்று ஓரத்தில் குறித்து, பழைய பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே நோட்டை மூடிப் பையில் வைத்தாள்.